கூட்டத்துள் மறைந்த சிலுவை

பரம்பொருள் எங்கும் நிறைந்திருப்பது மெய்யாயின் அது நம் கண்ணுக்கு அகப்படாமல் இருப்பானேன் என்ற கேள்வி, சமயம் என்று ஒன்று தோன்றிய நாள்முதல் மனிதனை விடாது தொடர்ந்து வருகிறது. மறைந்திருப்பதே அதன் இயல்பு என்றனர் சிலர். மறைந்திருப்பதாகத் தோன்றுவது நம் கண்ணின் குற்றம் என்றனர் வேறு சிலர். மறைத்தல் என்பதே உயிர்களின் பொருட்டு இறைவன் உவந்து செய்யும் தொழில்களுள் ஒன்று என்று, இவ்விரு சாராரும் நில்லாத ஓரிடத்தில் நின்று கூறியது சைவ சித்தாந்தம். இத்தகைய கேள்வியை ஆராய்வதற்குச் சாஸ்திரங்களை மட்டுமே நாடவேண்டும் என்பதில்லை. இக்காலத்தில் சிறுவர் முதல் முதியோர் வரை கைப்பேசியில் ஆடிவரும் ஒரு விளையாட்டும், 450 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் தீட்டப்பட்ட சில சித்திரங்களும் இவ்விஷயத்தில் நமக்குத் துணை செய்யக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

மறைந்துள்ள பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. பொருள்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு காட்சி திரையில் விரிகிறது. அதன் அடியில், தேடவேண்டியவற்றின் பட்டியல் தரப்படுகிறது: ஒரு சாவி, ஒரு விசிறி, உடைந்த கிண்ணம், பறவையின் இறகு. ஆடுபவர் காட்சி முழுவதையும் கண்ணால் துழாவி, பொருளைக் கண்டு விரலால் தொட்டவுடன் அது ஒளிவிட்டு மறைகிறது. பட்டியலிலும் அதன் பெயர் அடிபட்டுப் போகிறது. எவ்வளவு தேடியும் அகப்படாவிட்டால் துப்புக் கொடுக்கும் பொத்தானும் உண்டு. மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்டு என்னும் ஆங்கில ஓவியர், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சட்டை அணிந்த வாலி என்பவனைப் பெருங்கூட்டங்களுக்கு நடுவே ஒளித்துவைத்து 1987-இல் வெளியிட்ட படப்புத்தகம் உலகெங்கும் பரவியது பலருக்கு நினைவிருக்கும். புத்தகத்திலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்த அவ்விளையாட்டு, இப்போது புகழ்பெற்ற பழைய ஓவியங்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பெல்ஜிய நாட்டிலிருந்து 2024-இல் வெளிவந்த ‘ப்ளீஸ், டச் தி ஆர்ட்வொர்க் 2’ என்ற விளையாட்டுக்கு, ஜேம்ஸ் என்சார் என்னும் அந்நாட்டு ஓவியரின் படங்களே களம். எலும்புக்கூட்டு உருவம் ஒன்றை அவற்றினூடே நடத்திச் சென்று, படத்தில் உள்ளோர் தொலைத்த பொருள்களைத் தேடிக்கொடுப்பதே அதன் ஆட்டம்.

மகத்தான சித்திரங்களை இவ்வாறு ஆடுகளமாக்குவது அவற்றுக்கு இழுக்கு என்று கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஏனெனில், தேடும் கண்ணை எதிர்பார்த்தே பொருளை மறைத்துவைத்த ஓவியர்கள் அச்சித்திரங்களின் மரபிலேயே இருந்திருக்கிறார்கள். என்சாரையே எடுத்துக்கொள்வோம். அவர் 1888-இல் தீட்டி, தம் இல்லத்திலேயே நெடுங்காலம் வைத்திருந்ததும், 1929-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததும், இன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளதுமான பெரும்படம் ஒன்று, கிறிஸ்து 1889-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைவதைக் காட்டுகிறது. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள அந்தத் துணி முழுவதும் முகமூடி போன்ற முகங்களும், ராணுவ வாத்தியக் குழுவும், கட்சிக் கொடிகளும், பிரமுகர்களும் அடைத்துக்கொண்டு நம்மை நோக்கி நெருக்கி வருகின்றனர். எவருடைய வருகைக்காக இத்தனை ஆரவாரமோ அவர், கழுதைமேல் அமர்ந்த ஒரு சிறு உருவமாகக் கூட்டத்தின் பின்புறத்தில், தேடினாலன்றித் தென்படாதவராக வருகிறார்.

ஆயினும் இவ்வகை மறைப்பில் எவரும் நெருங்க முடியாத ஆசான், என்சாருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே பூமியில் வாழ்ந்து 1569-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் மறைந்த மூத்த பீட்டர் புரூகல். அவர் 1566-இல் தீட்டிய ‘பெத்லகேமில் குடிக்கணக்கு’ என்ற படத்தில், பனி மூடிய பிளெமியக் கிராமம் ஒன்றில், சத்திரத்து வாசலில் வரி கட்டக் கூட்டம் நெருக்குகிறது, பன்றி அறுக்கிறார்கள், உறைந்த நீர்மேல் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். இவர்களுக்கிடையே, நீண்ட தச்சுவாளைத் தோளில் சுமந்த ஒருவன், போர்வை போர்த்திய ஒரு பெண்ணைக் கழுதைமேல் ஏற்றி நடத்திக்கொண்டு போகிறான். அந்த வாள் ஒன்றுதான் அவன் யோசேப்பு என்பதற்கு அடையாளம். நிறைகர்ப்பிணியான மரியாளுக்கு வழிவிடவேண்டும் என்ற எண்ணங்கூட அக்கிராமத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டில் அவர் வரைந்த ‘பவுலின் மனமாற்றம்’ என்ற படத்தில், பவுல் தரையில் விழுந்த, உலக சரித்திரத்தையே திருப்பிய அந்நிகழ்ச்சி, மலைக்கணவாயில் ஏறிச்செல்லும் சேனையின் நடுவே குதிரைகளின் பின்புறங்களுக்கு அப்பால் நிகழ்ந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றினும் மேலாக நான் மதிப்பது, வியன்னா நகரத்துக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ‘கல்வாரி ஊர்வலம்’ என்ற 1564-ஆம் ஆண்டுப் படம். 124 சென்டிமீட்டர் உயரமும் 170 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரப்பலகைமேல், நூற்றுக்கணக்கான மாந்தர் இடமிருந்து வலமாக ஒரு வெள்ளம்போல் ஏறிச்செல்கின்றனர். இடப்புறம் பசுமை, வலப்புறம் வறண்ட மேடு, அங்கே கொலையுண்டோர் உடலை ஏற்றும் சக்கரங்கள் உயர்ந்த கம்பங்களின்மேல் நிற்கின்றன. நடுவே செங்குத்தான ஒரு பாறையும் அதன் உச்சியில் ஒரு காற்றாலையும். தொலைவிலுள்ள கொலைக்களத்தில், வேடிக்கை பார்க்க நல்ல இடம் பிடிக்க முந்திச் சென்றவர்கள் ஏற்கெனவே வட்டமாகக் கூடிவிட்டார்கள். செந்நிற மேலங்கி அணிந்த குதிரைவீரர்கள் நெடுகிலும் வழிகாட்டிச் செல்கின்றனர். கிறிஸ்து எங்கே என்று கேட்டால், படத்தின் ஏறக்குறைய மத்தியில், சிலுவையின் பாரத்தால் நிலத்தில் விழுந்து கிடக்கிறார். ஓவியர் அவரை மூலையில் ஒளிக்கவில்லை, நிழலில் புதைக்கவில்லை, கண் முதலில் விழவேண்டிய மையத்தில் வைத்தும், சுற்றியுள்ள பரபரப்பின் நிமித்தம் கண் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

அவரைக் கண்டுபிடித்தவுடன் விளையாட்டின் நியாயப்படி ஆட்டம் முடிந்தது. படத்தின் நியாயமோ அங்கேதான் தொடங்குகிறது. அவருக்கு முன்னே செல்லும் வண்டியைப் பாருங்கள். அவருடன் அறையப்படவேண்டிய கள்வர் இருவரும், முகம் வெளுத்து, புரூகல் காலத்து உடையில் அதில் அமர்ந்திருக்கின்றனர். அருகில் துறவியர் இருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கின்றனர். கள்வரின் கையிலோ பாடுபட்ட சுரூபம். கிறிஸ்து இன்னும் அறையப்படவில்லை. அதற்குள் அவர் அறையுண்ட உருவத்தைக் கையில் ஏந்தி ஆறுதல் தேடுகிறார்கள், பின்னால் அவரே விழுந்து கிடப்பதைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. இது காலக்குழப்பத்தால் நேர்ந்த பிழை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இனி இடப்புறம் கீழே வாருங்கள். சிரேனே ஊர்ச் சீமோனைச் சேவகர்கள் பிடித்திழுக்கின்றனர். விழுந்தவரின் சிலுவையைத் தாங்க ஓர் ஆள் அவர்களுக்குத் தேவை. அவன் மனைவி அவனை விடமாட்டேன் என்று பற்றிக்கொண்டு, சேவகரோடு மல்லுக்கு நிற்கிறாள். சந்தைக்குப் போகும் வழியில் இருவரும் அகப்பட்டுக்கொண்டவர்கள்போல் தோன்றுகிறது. அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து தொங்குகிறது ஒரு ஜெபமாலை. நாள்தோறும் எவர் நாமத்தை எண்ணி அம்மணிகளை உருட்டினாளோ, அவர் கண்ணெதிரே விழுந்து கிடக்க, அவருக்கு உதவப்போகும் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவளைத் துஷ்டை என்று எவர் சொல்லக்கூடும்? ஆயுதம் தரித்தவர்கள் வழிமறித்துக் கணவனை இழுத்துச் செல்கையில் எந்த மனைவிதான் வேறு விதமாக நடந்துகொள்வாள்? கணவன்மேல் கொண்ட அன்பும் அச்சமுமே அவளை அவ்வாறு செய்விக்கின்றன. இருந்தும் ஓவியர் அந்த மாலையை அவள் இடையில் தொங்கவிட்டார். இத்தனை கூட்டத்தில் பக்தையென்று சான்று கூறும் பொருளை அணிந்த ஒருத்தியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்பதை எண்ணும்போது, தேடல் என்பதைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்துக்கள் பலவும் ஆட்டங்காணுகின்றன.

அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் நாமம் இருந்தது, உருவம் இருந்தது, வேளையும் எண்ணிக்கையும் இருந்தன. புழுதியில் கிடக்கும் ஒரு மரணதண்டனைக் கைதி அதில் இல்லை. பட்டியலோடு தேடுகிறவன் பட்டியலில் உள்ளதையே காண்பான். இல்லாததன்மேல் அவன் கண் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். விளையாட்டில் இதனால் நட்டமில்லை; சாவியைத் தேடுவோன் விசிறியைப் பார்க்காமற்போனால் அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். சமயவாழ்விலோ இது பெருங்கேடு. விளையாட்டின் அமைப்பிலேயே இன்னொரு நோக்கும் பொதிந்திருக்கிறது: தேடப்படும் பொருள் ஒன்றே மெய்யானது, அதைச் சூழ்ந்துள்ளவை அனைத்தும் அதை மறைக்க வந்த திரை. உலகத்தையும் சுற்றத்தையும் தடையென்று வெறுத்து, கடவுள் ஒருவரே போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும் வைராக்கியத்தின் அடியில் இருப்பதும் இந்நோக்கே என்று நான் அஞ்சுகிறேன்.

இவ்விடத்தில் சித்தாந்தம் கூறுவது கருதத்தக்கது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனுக்கு ஐந்தொழில் வகுத்த அந்நூலோர், திரோபாவம் எனப்படும் மறைத்தலையும் அருளின் பாற்பட்டதாகவே கொண்டனர். உயிரைப் பற்றிய மலமாகிய மாசு பக்குவப்பட்டு நீங்கவேண்டும். அதற்குத் தனு, கரண, புவன, போகங்களாகிய உடலும் உட்கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் உயிருக்கு வழங்கப்படுகின்றன. அவற்றில் தோய்ந்து வினைகளை நுகர்ந்து முடிக்கும்வரை இறைவன் தன்னைக் காட்டாது நின்று நடத்துகிறான். இதன்படி, கூட்டமும் சந்தையும் வண்டியும் வழியும் பொருளை மறைக்கும் திரையாக மட்டும் நிற்பதில்லை. உயிர் முதிர்வதற்கான இடமும் அவையே. மரத்தில் செய்த யானையை உவமையாகக் காட்டிய திருமூலர், யானை தெரியும்போது மரம் மறைகிறது, மரம் தெரியும்போது யானை மறைகிறது என்று கண்டார். யானையின் பின்னால் மரத்தைத் தேடிப் பயனில்லை. யானையாய் நிற்பதே மரம். அவ்வாறிருக்க, பொருள்களுக்கு நடுவே இன்னொரு பொருளாகப் பரம்பொருளைத் தேடும் முயற்சி தொடக்கத்திலேயே வழி தவறியதாகும்.

கிறிஸ்தவரின் கொள்கையும் இதுவே என்று சொல்லி இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட நான் விரும்பவில்லை. அவர்களுக்கு இறைவன் மெய்யாகவே மனிதருள் ஒரு மனிதனாய்ப் பிறந்து, விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஒருவராய்க் கூட்டத்தில் நின்றவர். ஆகையால், கூட்டத்தில் அவரைத் தேடுவது அவர்கள் நம்பிக்கைக்கு முற்றிலும் இசைந்ததே. ஆனால் அவர்களிலும் ஆழ்ந்து சிந்தித்தோர், அவ்வாறு வந்தவர் ஏன் மறுக்க முடியாத சோதியாக வரவில்லை என்று கேளாமல் இல்லை. பாஸ்கல் என்னும் பிரெஞ்சு ஞானி, அவர் காலமான பின் 1670-இல் அச்சேறிய சிந்தனைத் தொகுப்பில், கடவுள் முழுதும் வெளிப்படாமலும் முழுதும் மறையாமலும் இருப்பதற்குக் காரணம் காணவிரும்பும் மனத்தை அவர் மதிப்பதே என்ற கருத்தைப் பலவாறு வற்புறுத்துகிறார். அறிவை வற்புறுத்தி வசப்படுத்துவதில் கடவுளுக்கு விருப்பமில்லை என்பது இதன் தாற்பரியம். மறைப்பை அருளாகக் கண்ட நம்மவரோடு பாஸ்கல் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறார் என்பது வியப்புக்குரியது.

பட்டியல் இல்லாவிட்டால் எவரும் பார்க்கவே மாட்டாரே என்று ஆட்சேபிக்கலாம். இது வலுவான ஆட்சேபம். அருங்காட்சியகத்தில் படத்தின்முன் ஒரு கணம் நின்று நகர்ந்துவிடுகிற மனிதனை, ஏதோ ஒரு சாவியையோ இறகையோ காரணமாக்கி அரைமணி நேரம் அதே படத்தில் கட்டிவைக்கும் விளையாட்டு நன்மையே செய்கிறது. மானும் மழுவும் பிறையும் கங்கையும் கொண்டு இறைவனை அடையாளம் காணக் கற்பித்த நம் தியான மரபும் ஒருவகையில் பட்டியல் தந்த மரபுதான். ஆரம்பசாதகனுக்கு அது இன்றியமையாதது. பிரான்சில் பிறந்து 1943-இல் முப்பத்துநான்கு வயதிலேயே உயிர்நீத்த சீமோன் வெய்ல் என்ற பெண்மணி, பள்ளிப் படிப்பைப் பற்றி அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய கட்டுரையில், க்ஷேத்திர கணிதத்தில் ஒரு கணக்கோடு சிரத்தையாகப் போராடும் மாணவன், விடை காணாமற்போனாலும் பிரார்த்தனைக்கு வேண்டிய கவனத்தில் வளர்ந்துவிடுகிறான் என்று வாதிக்கிறார். அவ்வாறாயின், ஓவியத்தில் இறகைத் தேடுவதும் வீணாகாது. ஆனால் அதே கட்டுரையில் அவர் செய்யும் எச்சரிக்கை கவனிக்கத்தக்கது. புருவத்தை நெரித்துத் தசைகளை முறுக்குவதைக் கவனம் என்று நாம் தவறாக எண்ணுகிறோம். மெய்யான கவனமோ மனத்தை வெறுமையாக்கி, எதையும் முந்திக்கொண்டு பற்றாமல், பொருள் தானே வந்து புகும்படி திறந்துவைத்துக் காத்திருப்பது என்கிறார் அவர். விளையாட்டின் கடிகாரமும் துப்புப் பொத்தானும் கற்பிக்காத பாடம் இது.

ஓவியத்துக்குள் புகுதல் என்பதும் புதிதன்று. லொயோலா இஞ்ஞாசியார் இயற்றி 1548-இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூல், தியானம் செய்வோன் சுவிசேஷக் காட்சியை மனக்கண்முன் எழுப்பி, வழியின் நீளத்தையும் குகையின் உயரத்தையும் உற்றுக் கண்டு, பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் பணிசெய்யும் ஏழை ஊழியனாகத் தானே அங்கு நிற்கவேண்டும் என்று விதிக்கிறது. அங்கும் ஒருவன் காட்சிக்குள் நடமாடுகிறான். ஆனால் எடுத்துவர ஒன்றுமில்லை, செய்வதற்குப் பணி மட்டுமே உண்டு.

காட்சிக்கு வெளியே நிற்பவனையே நகரச் செய்யும் படமும் உண்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ என்ற படம் உள்ளது. பிரெஞ்சுத் தூதர் ஒருவரும் அவர் நண்பரான மேற்றிராணியாரும், வான ஆராய்ச்சிக் கருவிகளும் பூகோள உருண்டையும் ஒரு நரம்பு அறுந்த வீணை போன்ற வாத்தியமும் நிறைந்த அடுக்கின் இருபுறமும், அளவில் ஆளுயரமாகவே நிற்கின்றனர். அவர்கள் காலடியில் ஏதோ ஒரு நீண்ட வெளிறிய கறை. நேரே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது கறைதான். படத்தின் வலப்புறம் சென்று ஒட்டினாற்போல் சாய்ந்து நோக்கினால், அது செம்மையான ஒரு மண்டையோடு. அங்கிருந்து பார்க்கையில் தூதர்களின் உருவம் சிதைந்துபோகிறது. இடப்புறம் மேல்கோடியில், பச்சைத் திரைச்சீலையின் விளிம்பில், பாதி மறைந்து ஒரு சிறு சிலுவையுருவும் இருக்கிறது. மரணத்தைக் காணவேண்டுமானால் நின்ற இடத்தை விட்டுப் பெயரவேண்டும் என்று ஓவியர் விதித்துவிட்டார். கண்ணை மட்டும் ஓட்டிக் கொண்டிருப்போனுக்கு அது அகப்படாது. புரூகலின் படத்திலும் சிரேனே ஊர்ச் சீமோன் தன் வழியை விட்டு இழுக்கப்பட்டான். அவன் மனைவி இருந்த இடத்தில் கால்களை ஊன்றிக்கொண்டாள். காண்பது என்பது இறுதியில் இடம்பெயரும் காரியம் என்பதே இப்படங்களிலிருந்து நான் கொள்ளும் முடிவு. தன் நிலையை மாற்றிக்கொள்ளச் சம்மதியாதவன் ஆயுள் முழுதும் தேடினாலும், முன்னமே குறித்துவைத்துக்கொண்டதைத் தவிர வேறெதையும் கண்டெடுக்கப்போவதில்லை.

இத்தகைய விளையாட்டுக்களை ஆக்குவோரிடம் ஒரு விண்ணப்பம். கண்டுபிடித்த பொருளைத் திரையிலிருந்து மறையச் செய்யாதீர்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பட்டியல் தீர்ந்த பிறகும் படத்தை மூடாமல், துப்பும் கடிகாரமும் இன்றி ஆடுவோர் விரும்பும்வரை அதில் உலவ விடுங்கள். பிள்ளைகளின் கையில் கைப்பேசியைத் தரும் பெற்றோர்களே, நீங்களும் சாவியும் விசிறியும் அகப்பட்டபின், படத்தில் உள்ள மனிதர்கள் யார், ஒவ்வொருவரும் யாரைப் பார்க்கிறார்கள், யாரைப் பாராமல் போகிறார்கள் என்று கேட்டு, பிள்ளைகள் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேளுங்கள்.